மஞ்சளிலேயே நிற்கும் விடுப்புகள்: பெங்களூரு மேனேஜர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மேனேஜர்களுக்கு,

வணக்கம். பொம்மசந்திரா, எலெக்ட்ரானிக் சிட்டி, பீன்யா, வொயிட்ஃபீல்டு என்று இந்த ஊரில் நீங்கள் எங்கே வேலை பார்த்தாலும் சரி, உங்களுக்குக் கீழே ஐந்து பேர் இருந்தாலும் ஐம்பது பேர் இருந்தாலும் சரி. ஒருவர் லீவு கேட்டால் ஒப்புதல் தருகிற இடத்தில் நீங்கள் இருந்தால் இந்த மடல் உங்களுக்குத்தான். தமிழர்களாக இருக்கிற மேனேஜர்கள் இதை இன்னும் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போவது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான் ஓசூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் சம்பளப் பட்டியல் போடுகிறவள். பதினாறு வருடமாக இதே வேலை. இது மூன்றாவது கம்பெனி. யார் எத்தனை நாள் வந்தார்கள், யாருக்கு எத்தனை நாள் ஈ.எல்., அதாவது வேலை செய்து சேர்த்த சம்பளத்துடன் கூடிய விடுப்பு, மிச்சம் இருக்கிறது, யார் கேட்டது கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை எல்லாம் என் திரையில் தெரியும். ஒப்புதல் ஆனது பச்சை. மறுத்தது சிவப்பு. மேனேஜர் இன்னும் தொடாதது மஞ்சள். இத்தனை வருடத்தில் சிவப்பு பார்த்தது மிகக் குறைவு. நான் பார்த்ததெல்லாம் மஞ்சள்தான்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் பேக்கிங் பிரிவில் இருந்தார். தருமபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கம். தை மாதத்தில் அவருடைய அப்பா காலமானார். அடுத்த தையில் தலைத் திவசம். ஐயரைக் கேட்டு, திதி எந்தத் தேதியில் வருகிறது என்று தெரிந்துகொண்டு, நவம்பர் மாதமே மூன்று நாளுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டார். அவர்தான் மூத்த மகன். திதி மாறாது, அவர் இல்லாமல் நடக்கவும் நடக்காது. இரண்டு மாதம் முன்கூட்டியே சொல்லியாகிவிட்டது. இதைவிட ஒழுங்காக ஒருவர் லீவு கேட்க முடியாது.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாப்பாட்டு நேரத்தில் என் மேஜைக்கு வருவார். "அக்கா, மஞ்சள் மாறிடுச்சா?" என்பார். நான் திரையைத் திருப்பிக் காட்டுவேன். மாறியிருக்காது. அவர் மேனேஜரிடம் நேரில் கேட்டபோதெல்லாம் "கிட்ட வரும்போது பார்க்கலாம்" என்ற பதில்தான் வந்தது. மேனேஜர் கெட்டவர் இல்லை. இல்லை என்று சொல்ல அவருக்கு மனமில்லை. சரி என்று சொல்ல ஷிப்மென்ட் தேதி விடவில்லை. நடுவில் நிறுத்தி வைத்தார். கிட்ட வந்தது. "இந்த வாரம் கன்டெய்னர் போகுது, ஒரு நாள் மட்டும் போயிட்டு வா" என்றார், திவசத்துக்கு மூன்று நாள் முன்னால்.

அவர் மூன்று நாளும் போய்விட்டு வந்தார். போகாமல் எப்படி இருப்பார்?

அந்த மாதச் சம்பளச் சீட்டை நான்தான் போட்டேன். சம்பளமில்லா விடுப்பு, எல்.ஓ.பி., 3 நாள் என்று ஒரு வரி. அதற்கு இரண்டு வரி கீழே, ஈ.எல். இருப்பு 38 நாள் என்று இன்னொரு வரி. ஒரே காகிதத்தில், ஒரே எழுத்தில். முப்பத்தெட்டு நாள் உழைத்துச் சேர்த்து வைத்திருக்கிற மனிதருக்கு மூன்று நாள் சம்பளத்தைப் பிடித்திருக்கிறோம். சீட்டைக் கையில் வாங்கி அவர் ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

கதை அதோடு முடியவில்லை. அந்த வருடம் மே மாதம் ஊர்த் திருவிழாவுக்கும் அக்டோபரில் தங்கை வளைகாப்புக்கும் கேட்டார். இரண்டும் மஞ்சள். கேட்ட தேதி கடந்துவிட்டால் விண்ணப்பம் தானாக ரத்தாகிவிடும்படி அந்த சாஃப்ட்வேரை வைத்திருந்தார்கள். டிசம்பர் 31 வந்தது. அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகும் வரம்பு 30 நாள். 38-இல் 30 போக மீதி 8 நாள் காலாவதி, லேப்ஸ். அந்தப் பொத்தானை அழுத்தியதும் நான்தான்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். தயவுசெய்து இந்த இடத்தைத் தாண்டிப் போகாதீர்கள். பல மேனேஜர்களுக்கு இது தெரியாது என்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.

2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 79-ஆவது பிரிவு இதைப் பற்றியது. ஒரு வருடத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கு, வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் சம்பளத்துடன் விடுப்பு. 15 நாள் முன்னதாக எழுத்தில் கேட்டால், அதை மேனேஜர் இஷ்டத்துக்கு மறுக்க முடியாது என்று அது சொன்னது. வேலை தடைப்படாமல் இருக்கத் தொழிலாளர்களோடு பேசி எழுதி வைத்த ஒரு விடுப்புத் திட்டம் இருந்தால், அதன்படி மட்டுமே மறுக்கலாம் என்று இருந்தது. அப்படி இல்லாமல் மறுத்திருந்தால், மறுக்கப்பட்ட நாட்களுக்கு அந்த 30 நாள் வரம்பு கிடையாது. எத்தனை நாள் ஆனாலும் அடுத்த வருடத்துக்குக் கூடவே போகும்.

மஞ்சள் என்ன செய்கிறது என்று இப்போது புரிகிறதா? சிவப்பு ஆகியிருந்தால் பாலக்கோட்டுக்காரரின் அந்த 8 நாள் காலாவதியாகியிருக்காது. கேட்டார், மறுத்தார்கள் என்று எழுத்தில் இருந்திருக்கும். மஞ்சளாகவே விட்டதால் யாரும் மறுக்கவில்லை, யாரும் கொடுக்கவும் இல்லை. கணக்குப் புத்தகத்தில் அவர் லீவே வேண்டாம் என்று இருந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. நீங்கள் மனம் நோகக்கூடாது என்று சொல்லாமல் விட்ட ஒரு "இல்லை", அவருடைய எட்டு நாள் உழைப்பைத் துடைத்துவிட்டது. அதனால்தான் சொல்கிறேன்: முடியாது என்றால் முடியாது என்று எழுதுங்கள். சிவப்புக்குக் கோபப்படுவார்கள், ஆனால் சிவப்பு அவர்களைக் காப்பாற்றும்.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. பழைய தொழிற்சாலைகள் சட்டம் போய்விட்டது, இனி அந்தத் தொல்லை இல்லை என்று ஒருவர் என்னிடமே சொன்னார். பழைய சட்டம் போனது உண்மைதான், ஆனால் அதில் இருந்த உரிமை போகவில்லை. 20 நாளுக்கு ஒரு நாள் என்பது புதிய தொகுப்பிலும் அப்படியே இருக்கிறது. 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 180 ஆகக் குறைந்திருக்கிறது. மறுக்கப்பட்ட விடுப்புக்கு வரம்பு இல்லை என்பதும் இருக்கிறது. வருடக் கடைசியில் தொழிலாளர் கேட்டால் மிச்ச நாளைப் பணமாகக் கொடுக்க வேண்டும் என்பது புதிதாக வந்திருக்கிறது.

ஐ.டி. கம்பெனி, கடை, ஆபீஸ் என்று இருப்பவர்களுக்கு கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம், 1961 பொருந்தும். அதிலும் 20 நாளுக்கு ஒரு நாள்தான். அதோடு உடம்பு சரியில்லை அல்லது வேறு நியாயமான காரணம் என்றால் வருடத்துக்கு 12 நாள் வரை தனியாக உண்டு. கொண்டுபோகும் வரம்பு முன்பு 30 நாளாக இருந்தது. சில வருடங்களுக்கு முன் அதை 45 ஆக்கினார்கள். லேப்டாப்பில் வேலை செய்பவருக்குச் சட்டம் இல்லை என்ற பேச்சை எச்.ஆர். ஆட்களின் வாயிலேயே கேட்டிருக்கிறேன். அது தவறு.

இந்த விடுப்புக்கு நம் ஊர் அரசு அலுவலகங்களில் என்ன பெயர் தெரியுமா? ஈட்டிய விடுப்பு. ஈட்டியது என்றால் உழைத்துச் சம்பாதித்தது. சில கம்பெனிகள் இதையே பி.எல்., அதாவது சலுகை விடுப்பு என்று எழுதுகிறார்கள். அந்த ஒரு சொல்லில்தான் எல்லாக் குழப்பமும் ஆரம்பிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சலுகை என்றால் கொடுப்பவர் மனசு. ஈட்டியது என்றால் அவருடைய பணம்.

பணம் என்று சும்மா சொல்லவில்லை. மாதம் 26,000 ரூபாய் சம்பளம் வாங்குகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை நாள் 26 என்றால் நாளுக்கு 1,000 ரூபாய். அவர் 20 நாள் வேலை செய்தால் 20,000 ரூபாய் கூலியும், ஒரு நாள் ஈ.எல்.லும் சேர்கின்றன. அந்த ஒரு நாளின் மதிப்பு 1,000 ரூபாய். ஆக 20 நாள் உழைப்புக்கு அவருடைய உண்மையான கூலி 21,000. இருபதாயிரத்தை மாதக் கடைசியில் கொடுக்கிறோம், ஆயிரத்தை நம்மிடம் வைத்துக்கொள்கிறோம். இருபதாயிரத்தில் ஒரு ரூபாய் குறைந்தால் அவர் என் மேஜைக்கு வந்து சண்டை போடுவார், நீங்களும் அவர் பக்கம் நிற்பீர்கள். அந்த ஆயிரத்துக்கு மட்டும் ஏன் அவர் உங்கள் முன்னால் தயங்கி நிற்க வேண்டும்?

கம்பெனியே இதைக் கடன் என்றுதான் எழுதி வைத்திருக்கிறது. வருடா வருடம் மார்ச் 31-ஆம் தேதிக் கணக்குக்கு, எல்லாருடைய லீவு இருப்பையும் நான் பட்டியல் எடுத்து ஆக்சுவரிக்கு, அதாவது பின்னால் கொடுக்க வேண்டிய தொகையை மதிப்பிடும் கணக்கு நிபுணருக்கு, அனுப்புவேன். அவர் கணக்குப் போட்டு, ஊழியர்களுக்கு விடுப்பு வகையில் கம்பெனி இவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு தொகை தருவார். அது பேலன்ஸ் ஷீட்டில் கடன் பக்கத்தில் ஏறும். கணக்குத் தரநிலை 15 அப்படித்தான் எழுதச் சொல்கிறது. ஒருவருடைய லீவு காலாவதியானால் அந்தக் கடன் குறைகிறது. குறைந்த தொகை லாபத்தில் சேருகிறது. பாலக்கோட்டுக்காரரின் எட்டு நாளும் அந்த வருட லாபத்தில் எங்கோ ஒரு மூலையில் போய்ச் சேர்ந்துவிட்டது. ஜார்க்கண்டைச் சேர்ந்த ஓர் அரசு ஊழியர் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியமும் பணிக்கொடையும் விடுப்புப் பணமும் ஊழியரின் சொத்து, சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் அதைப் பிடித்து வைக்க முடியாது என்று சொன்னது. அரசு ஊழியருக்கு அது சொத்து என்றால் பேக்கிங் பிரிவில் நிற்பவருக்கும் அது அப்படித்தானே?

லீவு எடுக்காவிட்டால் என்ன, பணமாக வாங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். கணக்கை நான் சொல்கிறேன். பல இடங்களில் அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும்தான் விடுப்புப் பணம் கணக்கிடுகிறார்கள். மொத்தச் சம்பளத்தில் பாதிகூட வராது சிலருக்கு. வேலையில் இருக்கும்போதே வாங்கினால் முழுத் தொகையும் வருமான வரிக் கணக்கில் சேரும். ஓய்வு பெறும்போதோ வேலையை விடும்போதோ வாங்கினால்தான் தனியார் ஊழியருக்கு விலக்கு. அந்த வரம்பை 2023-இல் 3 லட்சம் ரூபாயிலிருந்து 25 லட்சமாக உயர்த்தினார்கள். சரி, இதெல்லாம் பணக் கணக்கு. அப்பாவின் தலைத் திவசத்தை எந்தக் கணக்கில் பணமாக்குவது?

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். இருபது பேர் செய்ய வேண்டிய வேலைக்கு இருபது பேரைத்தான் மேலே இருந்து கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் போனால் அந்த வேலை உங்கள் தலையில் விழுகிறது. ரிலீஸ் தேதியும் கன்டெய்னர் தேதியும் நீங்கள் வைத்தவை இல்லை. ஆனால் ஒரு கணக்கை நீங்கள் மேலே போய்ச் சொல்ல வேண்டும். சட்டம் சொல்வது 20-க்கு ஒன்று. வாரம் ஆறு நாள் வேலை செய்யும் இடத்தில் ஒருவர் வருடத்துக்கு ஏறக்குறைய 280 நாள் வேலை செய்கிறார். அவருக்கு 14 நாள் ஈ.எல். சேரும். இருபது பேருக்கு 14 நாள் என்றால் 280 நாள். ஒரு முழு ஆளின் ஒரு வருட வேலை. ஆக, இருபது பேர் வேலைக்கு இருபத்தோரு பேர் வேண்டும். இது யாருடைய தாராள மனமும் இல்லை. கூலிக் கணக்கிலேயே இருக்கிற ஆள். அந்த இருபத்தோராவது ஆளைக் கம்பெனி எடுக்காமல் விட்டுவிட்டு, அவர் செய்ய வேண்டிய வேலையை மற்ற இருபது பேரின் திருவிழாவிலும் திவசத்திலும் வளைகாப்பிலும் இருந்து எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்கொடுப்பது உங்கள் கையால் நடக்கிறது. அடுத்த வருட பட்ஜெட் கூட்டத்தில் இந்தக் கணக்கை வைத்துப் பாருங்கள். லீவு இருப்புப் பட்டியல் வேண்டுமானால் உங்கள் கம்பெனியில் என்னைப் போல ஒருத்தி இருப்பாள். கேட்டால் ஐந்து நிமிடத்தில் எடுத்துத் தருவாள்.

இது முடியாத காரியம் இல்லை என்று எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் ஒரு மனிதர். என் முதல் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜர், மண்டியாக்காரர், கன்னடம் தவிர வேறு மொழி பேச வராது. அக்டோபர் கடைசியில் கேன்டீன் சுவரில் ஒரு பெரிய சார்ட் பேப்பரை ஒட்டுவார். அடுத்த வருடத்தின் பன்னிரண்டு மாதமும் கட்டம் கட்டமாக இருக்கும். ஒவ்வொரு பிரிவிலும் ஒரே நாளில் எத்தனை பேர் போகலாம் என்று மேலே எழுதியிருக்கும். பத்து நாளைக்குள் யார் யாருக்கு எந்தத் தேதி வேண்டும் என்று பென்சிலால் எழுத வேண்டும். இடித்தால் அவர்களே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். தீராவிட்டால்தான் அவர் வருவார்; போன வருடம் யாருக்குக் கிடைத்ததோ அவர் இந்த வருடம் விட்டுக்கொடுக்க வேண்டும்.

ஜனவரியில் எங்களுக்கும் ஆந்திராக்காரர்களுக்கும்தான் முட்டிக்கொள்ளும், பொங்கலும் சங்கராந்தியும் ஒரே நாள் என்பதால். ஆனால் பீகார்க்காரர்களுக்குச் சட் பூஜை தீபாவளி முடிந்த வாரத்தில். கேரளாக்காரர்களுக்கு ஓணம் ஆவணியில். அவர்கள் ஜனவரியில் நின்றார்கள், நாங்கள் அவர்களுக்காக அந்த மாதங்களில் நின்றோம். இத்தனை ஊர்க்காரர்கள் சேர்ந்து வேலை செய்கிற பெங்களூரில் இதைவிட நல்ல வசதி வேறென்ன வேண்டும்? எல்லாருக்கும் ஒரே நாளில் பண்டிகை வருகிற ஊரில் வேலை பார்க்கும் மேனேஜருக்குத்தான் உண்மையில் கஷ்டம். நவம்பர் முதல் வாரத்தில் அவர் பென்சில் எழுத்தின் மேல் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அப்புறம் அது மாறாது. நான் அங்கே இருந்த நான்கு வருடத்தில் அந்தப் பிரிவில் ஒரு ஷிப்மென்ட்கூட இதனால் தாமதமானதாக எனக்கு நினைவில்லை.

நவம்பர் முதல் வாரம் என்று அவர் வைத்தது இன்றைக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். இன்றைக்கு ரயில் முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கிறது. 2024 நவம்பர் முதல் அப்படி. அதற்கு முன் 120 நாள். ஜனவரி 13 இரவு ஊருக்குப் போக வேண்டும் என்றால் நவம்பர் 14 காலை 8 மணிக்கு ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். தூத்துக்குடி வண்டியிலும் நாகர்கோவில் வண்டியிலும் பொங்கலுக்கு இடம் எவ்வளவு நேரத்தில் தீரும் என்று உங்களில் பலருக்கே தெரியும். அன்றைக்குள் லீவு உறுதியாகவில்லை என்றால் அவருக்கு இருக்கும் வழி, மடிவாளாவில் நின்று ஆம்னி பஸ்ஸுக்கு மூன்று மடங்கு, நான்கு மடங்கு கொடுப்பதுதான். "டிக்கெட் போட்டுட்டு வந்து லீவு கேக்கறியா?" என்று கோபப்படும் மேனேஜர்களைப் பார்த்திருக்கிறேன். லீவு கிடைத்த பிறகு போடலாம் என்றால் டிக்கெட் இருக்காது. டிக்கெட்டை வைத்துக்கொண்டு கேட்டால் திமிர் என்கிறீர்கள். கைக்குழந்தையோடும் வயசான மாமியாரோடும் அத்திபெலே தாண்டி நெரிசலில் நின்றுகொண்டே போகிற பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். அந்த நவம்பர் 14 ஏன் முக்கியம் என்று தெரியும்.

தை முதல் நாள் மட்டும்தான் இங்கே விடுமுறை. மாட்டுப் பொங்கலும் காணும் பொங்கலும் பெங்களூரில் வேலை நாள். கர்நாடகத்தில் தேசிய, பண்டிகை விடுமுறை என்று சட்டப்படி வருடத்துக்குப் பத்து நாள். குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 ராஜ்யோத்சவம், இவை போக ஐந்து பண்டிகைகள். வெளியூரிலிருந்து வந்து பிழைக்கிற யாருக்கும் அதில் தன் பண்டிகைகள் முழுதும் அடங்காது. மீதியை ஈட்டிய விடுப்பில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் லீவு இருப்பும் எனக்குத் தெரியும். மேனேஜர்களில் பாதிப் பேர் பெயருக்கு எதிரே வரம்பு நிரம்பிய எண்தான் வருடா வருடம் நிற்கிறது. "நானே லீவு எடுக்கிறதில்லை, உனக்கு என்ன?" என்று நீங்கள் கேட்கும்போது, உங்களுக்கும் அது நஷ்டம் என்று எனக்குத் தோன்றும். போன வருடம் வேலையை விட்ட ஒரு சீனியர் மேனேஜருக்குக் கணக்கு முடித்துக் கொடுத்தேன். காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இதுல ஒரு பத்து நாள் எங்க அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப எடுத்திருக்கணும்மா" என்றார். வேறொன்றும் பேசவில்லை. உங்கள் லீவுக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், அங்கேயும் மஞ்சள் இருக்கிறது என்று தெரியும். அதற்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

இந்த விடுப்பு இந்த நாட்டில் தானாக வந்துவிடவில்லை. தொழிற்சாலைச் சட்டத்தில் சம்பளத்தோடு விடுமுறை என்பது 1945-இல் கொண்டுவந்த திருத்தத்தால் வந்தது. அப்போது வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைக்குப் பொறுப்பாக இருந்தவர் அம்பேத்கர். அவர் பிறந்த நாளும் நம் சித்திரை முதல் நாளும் ஏப்ரல் 14-இல் ஒன்றாக வருகின்றன. இந்த ஊர் தொழிலாளர்களும் தங்கள் பணம் என்று வரும்போது சும்மா இருந்தவர்கள் இல்லை. 2016 ஏப்ரலில், வருங்கால வைப்பு நிதியில் முதலாளி பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்று விதி வந்தபோது, கார்மென்ட்ஸ் பெண்கள் ஆயிரக்கணக்கில் இதே ஓசூர் ரோட்டில் இறங்கினார்கள். பொம்மனஹள்ளியில் வண்டி நகரவில்லை. மறுநாளே மத்திய அரசு அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. அவர்கள் கேட்டது ஒன்றுதான்: எங்கள் பணத்தை எங்களுக்குத் தேவைப்படும்போது கொடு. ஈட்டிய விடுப்பும் அதேபோன்ற சேமிப்புதான், ரூபாய்க்குப் பதில் நாளாக இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். விண்ணப்பம் வந்தால் மூன்று வேலை நாளுக்குள் பச்சையோ சிவப்போ ஆக்குங்கள். சிவப்பு என்றால் காரணத்தையும், எந்தத் தேதியில் தர முடியும் என்பதையும் இரண்டு வரி எழுதுங்கள். சாவு, திவசம், பிரசவம், ஆபரேஷன் போல நாள் மாற்ற முடியாத காரியங்களை ஷிப்மென்டோடு ஒரே தராசில் வைக்காதீர்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ரயில் முன்பதிவு திறப்பதற்குள் முடிவு சொல்லுங்கள். இருப்பில் நாள் இருக்கும்போது யாருக்கும் எல்.ஓ.பி. போடச் சொல்லி என்னைப் போன்றவர்களுக்கு மெயில் அனுப்பாதீர்கள். கேட்ட தேதி தாண்டினால் தானாக ரத்தாகும் அந்த ஏற்பாட்டை எடுத்துவிடச் சொல்லி எச்.ஆரிடம் நீங்களே பேசுங்கள். நாங்கள் பேசினால் காதில் விழாது, நீங்கள் பேசினால் விழும்.

லீவு கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாய் வார்த்தையை நம்பாதீர்கள். பதினைந்து நாளுக்கு மேல் இருக்கும்போதே எழுத்தில் கேளுங்கள். மஞ்சளாகவே நின்றால் அதைப் படம் எடுத்து வையுங்கள், ஒரு மெயிலும் அனுப்பி வையுங்கள்: "இன்ன தேதியில் கேட்டேன், இன்றுவரை பதில் இல்லை, இதை மறுப்பாக எடுத்துக்கொண்டு என் நாட்களைக் கொண்டுபோகும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று. பன்னேர்கட்டா ரோட்டில் கார்மிக பவனம் இருக்கிறது. தொழிலாளர் துறை அங்கேதான். கடைசி வழி அது. ஒரு திவசத்துக்காக யாரும் அதுவரை போக வேண்டிய நிலை வரக்கூடாது என்றுதான், மேனேஜர்களே, உங்களுக்கு இந்த மடல்.

இதை எழுதும் இன்று என் திரையில் பதினொரு விண்ணப்பங்கள் மஞ்சளில் இருக்கின்றன. ஒன்று நாற்பது நாளுக்கு முன் வந்தது. கிருஷ்ணகிரிப் பெண், தையல் பிரிவு. தங்கை கல்யாணத்துக்கு நான்கு நாள் கேட்டிருக்கிறாள். இருப்பு 26 நாள். கல்யாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. நாளைக்கு வெள்ளிக்கிழமை. சாப்பாட்டு நேரத்தில் வருவாள்.

இப்படிக்கு,
ஓசூர் ரோட்டில் சம்பளப் பட்டியல் போடும் ஒருத்தி